தெருவுக்கு வரும் காய்கறி: எங்கள் கூட்டு வாங்கலைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் முதுநகர்ப் பக்கம் எங்கள் குடியிருப்பில் 48 குடும்பங்கள் சேர்ந்து, புதனும் சனியும் காய்கறியை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால் குழாயடியிலும் பஸ்ஸிலும் என்னைத்தான் பிடித்துக் கேட்கிறார்கள். ஒரே கேள்விக்கு இருபது தடவை பதில் சொன்ன பிறகு, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

கூட்டுறவுன்னா ரேஷன் கடைதானே அக்கா? அதுதான் ஏற்கெனவே இருக்கே?

ரேஷன் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவு சங்கங்கள்தான் நடத்துகின்றன, அதனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் அரிசி மூட்டை ஞாபகம் வருவது சகஜம். ஆனால் அங்கே கிடைப்பது அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயில். 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியபோது சென்னையில் ரேஷன் கடைகளிலும் பண்ணை பசுமைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்குக் கொடுத்தார்கள், அது அந்த நேரத்து ஏற்பாடு. தினமும் குழம்பில் போடும் கத்தரிக்காய்க்கு அப்படி ஒரு வழி நம் தெருவில் இல்லை.

நாங்கள் செய்வது ரொம்பச் சின்ன வேலை. என்ன வேண்டும் என்று முன்னாலேயே சொல்லி, சேர்ந்து வாங்கி, சேர்ந்து பிரித்துக்கொள்கிறோம். கடைக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது, வாங்குகிறவர்கள்தான் முதலாளி. கூட்டுறவு என்பதே அதுதான்.

நம்ம ஏரியாவுல காய்கறியே கிடைக்கலைன்னு சொல்றது கொஞ்சம் ஓவரா இல்லையா? முதுநகர் மார்க்கெட் பக்கத்துலதானே இருக்கு?

பக்தவச்சலம் மார்க்கெட் இருக்கிறது, திருப்பாதிரிப்புலியூரில் பான்பரி மார்க்கெட் இருக்கிறது, உழவர் சந்தையும் இருக்கிறது. ஆனால் உழவர் சந்தை காலை வேளைச் சந்தை. நம் தெருப் பெண்கள் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மீன் ஏலத்துக்குப் போகிறவர் விடியும் முன்பே கிளம்பிவிடுகிறார், சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர் ஏழரைக்கு வண்டி ஏறுகிறார், வீட்டு வேலைக்குப் போகிறவரும் சித்தாள் வேலைக்குப் போகிறவரும் அப்படித்தான். எல்லாரும் திரும்பி வருவது சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு. அப்போது பஸ் ஏறி மார்க்கெட்டுக்குப் போய் வந்தால் அடுப்பு எப்போது பற்றவைப்பது?

அந்த நேரத்தில் தெருமுனைக் கடையில் இருப்பது வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், காலையிலிருந்து வெயிலில் கிடந்து தோல் சுருங்கிய நாலு கத்தரிக்காய். கடைக்காரர் மேல் தப்பில்லை, எவ்வளவு விற்கும் என்று அவருக்குத் தெரியாது, கெட்டுப்போகாததை மட்டும்தான் அவர் துணிந்து வாங்க முடியும். அதனால் நாம் இருபது ரூபாய்க்குக் காய் வாங்கிக் குழம்பை ஒப்பேற்றுகிறோம். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்ந்து 400 கிராம் சொல்கிறது, உருளைக்கிழங்கு அதில் சேராது. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு வாரத்துக்கு 11 கிலோவுக்கு மேல் வருகிறது. தொடங்குவதற்கு முன் நாங்கள் பதினைந்து வீட்டில் உட்கார்ந்து கணக்கு எடுத்தோம். ஒரு வீடுகூட அதில் பாதியைத் தொடவில்லை. சுகர் மாத்திரை சாப்பிடாத வீடு எத்தனை என்றும் எண்ணினோம், அதுவும் அதிகம் இல்லை. எனக்கு இந்த வேலையில் பிடிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

சரி, எப்படித்தான் நடக்குது?

சந்துக்கு ஒருவர் பொறுப்பு. திங்களும் வியாழனும் ராத்திரி அவர் வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொள்கிறார், வாட்ஸப்பில் குரல் பதிவாகச் சொன்னாலும் சரி. மறுநாள் காலையில் மொத்தக் கணக்கை விவசாயிகளுக்குச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் புதனும் சனியும் காலையில் பறிக்கிறார்கள், மதியத்துக்கு மேல் ஒரு குட்டியானை போய் ஏற்றிக்கொண்டு வருகிறது. வெயிலில் வாடாமல் இருக்க நனைத்த சாக்கைப் போட்டு மூடித்தான் வரும். ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை சமுதாயக்கூடத்துத் திண்ணையில் எடை போட்டுக் கொடுக்கிறோம்.

பிரிப்பதைச் சாயங்காலம் வைத்ததுதான் நாங்கள் செய்த முக்கியமான காரியம் என்று நினைக்கிறேன். முதல் மாதம் காலையில் வைத்தோம், எழுதிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டதால் வரவே இல்லை. காய் நல்ல காய்தான், நேரம்தான் தப்பு.

மார்க்கெட்டை விட கிலோவுக்கு எவ்வளவு குறையும்? அதைச் சொல்லுங்க முதல்ல.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். தெருக்கடைக்காரர் 50 கிலோ கத்தரிக்காயைக் கிலோ 25 ரூபாய்க்கு எடுக்கிறார், 1,250 ரூபாய். பத்துக் கிலோ சொத்தையிலும் வாடலிலும் போனால், மிச்சம் இருக்கும் 40 கிலோதான் அந்த 1,250-ஐச் சுமக்க வேண்டும். கிலோ 31 ரூபாய்க்கு மேல் விற்றால்தான் போட்ட பணமே கைக்கு வரும், அதற்கு அப்புறம் வண்டி வாடகை, சுமைகூலி, அவர் வயிற்றுப்பாடு எல்லாம் சேர்ந்து 40 ஆகிறது. நடுவில் யாரும் கொள்ளையடிக்கவில்லை, குப்பைக்குப் போன காயின் விலையையும் நாம்தான் கொடுக்கிறோம்.

எங்களுக்கு 48 குடும்பம் என்ன வாங்கும் என்று பறிப்பதற்கு முன்பே தெரியும். அதனால் 50 கிலோவில் இரண்டு கிலோ போனால் அதிகம், அடக்கம் 26 ரூபாய். வண்டி வாடகை 600 ரூபாய், ஒரு நடைக்குச் சுமார் 200 கிலோ வருகிறது, கிலோவுக்கு 3 ரூபாய். பொது நிதிக்கு 2 ரூபாய். ஆக 31. தெரு விலையை விட ஒன்பது ரூபாய் குறைவு, மார்க்கெட் விலையோடு ஒப்பிட்டால் சில நாள் இரண்டு ரூபாய்தான் வித்தியாசம், சில நாள் அதுவும் இருக்காது. விலை மட்டுமே வேண்டும் என்று வருகிறவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் பறித்த காய் சாயங்காலம் உங்கள் சந்துக்கே வருகிறது, அதற்காக வாருங்கள்.

பங்குப் பணம்னா சீட்டு மாதிரியா? எவ்வளவு கட்டணும்?

சீட்டு இல்லை, ஏலம் கிடையாது, வட்டி கிடையாது. வீட்டுக்கு 300 ரூபாய், நூறு நூறாக மூன்று தவணையில் கட்டலாம். விவசாயிக்குக் கையோடு பணம் கொடுப்பதற்கான முதல் அதுதான். விலகிப் போகும்போது திருப்பிக் கொடுத்துவிடுவோம். யாரும் இரண்டு பங்கு வாங்க முடியாது.

தினக்கூலிக்குப் போறவ நான். ரெண்டு நாள் முன்னாடியே என்ன வேணும்னு எப்படிச் சொல்றது? கையில காசு இருக்குமான்னே தெரியாதே?

இந்தக் கேள்விதான் எங்களை ரொம்ப யோசிக்க வைத்தது. முன்கூட்டிச் சொல்வதில்தான் எல்லாமே நிற்கிறது என்று மேலே சொன்னேன், ஆனால் யாருக்கு இது ரொம்பத் தேவையோ அவர்களால்தான் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

அதனால் இப்படி வைத்தோம்: முன்பணம் கேட்பதில்லை, சொன்னால் போதும், வாங்கும்போது காசு கொடுத்தால் போதும். வேலை கிடைக்காத வாரம் 150 ரூபாய் வரை நோட்டில் எழுதிக்கொண்டு காயை எடுத்துப் போகலாம், அடுத்த வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்தப் பணம் பொது நிதியிலிருந்து வருகிறது, விவசாயிக்குச் சேர வேண்டிய பணத்தைத் தொடுவதே இல்லை. கடனே கூடாது என்று சிலர் சண்டை போட்டார்கள். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844-ல் 28 பேர் சேர்ந்து தொடங்கிய கடையைத்தான் உலகக் கூட்டுறவுகளுக்கெல்லாம் முன்மாதிரி என்பார்கள், அவர்கள்கூடக் கைக்காசுக்குத்தான் விற்றார்கள், கடன் கொடுத்து மூழ்கிய கடைகளை அவர்கள் பார்த்திருந்தார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் 150 ரூபாய்க்காக ஒரு வீடு வெறும் ரசத்தோடு இருப்பதை என்னால் ஏற்க முடியாது. வரம்பு வைத்தோம், இதுவரை ஒருவர்கூட ஏமாற்றவில்லை.

எங்களுக்கு வேணாங்கிற சுரைக்காயையும் பூசணியையும் தலையில கட்டுவீங்களா?

மாட்டோம். ஆனால் சீசனில் எது அதிகம் காய்க்கிறதோ அதை மலிவாகச் சொல்வோம். கோடையில் கேரட், பீன்ஸ் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அது மலையிலிருந்தும் பெங்களூர்ப் பக்கமிருந்தும்தான் வர வேண்டும், அப்போது மார்க்கெட் விலைதான்.

சொத்தைக் காய் வந்தா யார் தலையில விழும்?

திண்ணையிலேயே பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வீட்டுக்குப் போய் வெட்டும்போது தெரிந்தால், மறுநாளுக்குள் காட்டினால் அடுத்த தடவை கழித்துக்கொள்வோம். கத்தரிக்காயில் ஒரு கிலோவுக்கு ஒன்று சொத்தை இருக்கத்தான் செய்யும், அதற்கு யாரும் வருவதில்லை.

எங்கேருந்து வருது? ஆர்கானிக்கா?

கத்தரி, வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி, புடலை, பீர்க்கு எல்லாம் கேப்பர் மலையைச் சுற்றியுள்ள செம்மண் ஊர்களிலிருந்து வருகிறது. வாழைக்காய், வாழைப்பூ, தண்டும் அந்தப் பக்கம்தான், ராமாபுரம், வழிசோதனைப்பாளையம் வாழையைக் கடலூரில் தெரியாதவர் கிடையாது. வெங்காயமும் தக்காளியும் மண்டியில்தான் எடுக்கிறோம். தக்காளியின் பெரும்பகுதி கிருஷ்ணகிரியிலிருந்தும் ஆந்திரத்து மதனப்பள்ளியிலிருந்தும் வரும் சரக்கு, அதை நேரடியாக வாங்க நம் அளவு போதாது.

ஆர்கானிக் என்று நாங்கள் சொல்வதில்லை. எங்களுக்குக் காய் கொடுக்கும் ஆறு விவசாயிகளும் மருந்து அடிக்கிறவர்கள்தான். கடைசியாக எப்போது அடித்தீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு நோட்டில் எழுதுகிறோம், மருந்து டப்பாவில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடியாத வயலில் அந்த வாரம் எடுப்பதில்லை. முதலில் அவர்களுக்கு இது பிடிக்கவில்லை. இப்போது அவர்களே போன் செய்து, இந்த வாரம் என் தோட்டத்துக் கத்தரி வேண்டாம், போன வெள்ளிதான் அடித்தேன் என்கிறார்கள்.

விவசாயி ஏன் உங்களுக்குக் கொடுக்கணும்? மண்டியில போட்டா ஒரே மூச்சுல எல்லாம் போயிடுமே?

மண்டிக்குக் கொண்டுபோனால் ஏலத்தில் என்ன விலை விழும் என்று மூட்டையை இறக்கும் வரை தெரியாது, கமிஷன் கழியும், சுமைகூலி கழியும், வரத்து அதிகமான நாளில் பறிகூலிகூடக் கட்டாமல் போகும். எங்களுக்குக் கொடுத்தால் வயலிலேயே எடை, வயலிலேயே காசு, வண்டி நம்முடையது. விலையை மாதத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து பேசுகிறோம். மண்டி விலை ரொம்ப விழுந்தாலும் பேசியதற்குக் கீழே கேட்க மாட்டோம், ரொம்ப ஏறினால் அவர்களும் ஒரேயடியாக ஏற்ற மாட்டார்கள்.

ஆனால் அவர் விளைச்சலில் நாம் எடுப்பது கொஞ்சம்தான், மிச்சத்துக்கு மண்டிதான். அதை மறந்து நம்மால்தான் அவர் பிழைக்கிறார் என்று பேசுகிறவர்கள் எங்கள் கூட்டத்திலும் உண்டு, அப்படிப் பேசக் கூடாது.

கூடையில கீரை விக்கிற ஆயா என்ன செய்யும்? நீங்க அவங்க பொழப்புல மண்ணைப் போடுறீங்களே?

இதை முதலில் கேட்டவர் அந்த ஆயாவே. தொடங்கி மூன்றாவது வாரம் திண்ணைக்கு வந்து, காயையெல்லாம் பார்த்துவிட்டு, எனக்கு இனிமேல் யாருடி வருவா என்று கேட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் அதை மட்டும்தான் பேசினோம். கீரை சாயங்காலத்துக்கு நிற்காது, வாடிவிடும். அதனால் கீரை, கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை எதையும் நாங்கள் தொடுவதில்லை, அது முழுக்க ஆயாவுக்கு. எத்தனை கட்டு வேண்டும் என்று நம் சந்துப் பொறுப்பாளர்கள் கேட்டு முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுகிறார்கள், வேலைக்குப் போகிறவர்கள் வீட்டு வாசலில் கட்டை வைத்துவிட்டுப் போகிறார். முன்பு மிஞ்சிய கட்டுகளை மாட்டுக்குப் போட்டுவிட்டுப் போவார், இப்போது கூடை காலியாகத் திரும்புகிறது. ஒரு புதுச் சங்கம் வரும்போது ஏற்கெனவே கூடை சுமக்கிறவரைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அது நல்ல சங்கம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். தெருவில் விற்பவர்களுக்கு 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் பாதுகாப்பும் அடையாள அட்டையும் கொடுக்கிறது, ஆயாவுக்கு அந்த அட்டைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அந்தத் தெருக்காரங்களும் இதே இடத்துலதான் வாங்குவாங்களா?

ஆமாம். ஒரே வரிசை, ஒரே தராசு. வந்த முறைப்படி வாங்க வேண்டும். இதற்கு ஒத்துவராமல் இரண்டு குடும்பம் விலகியது, அவர்கள் பங்குப் பணத்தை அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டோம்.

தடைக்காலத்துலயும் மழைக்காலத்துலயும் என்ன பண்ணுவீங்க?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகு கரையில் நிற்கும்போது இங்கே பாதி வீட்டில் வருமானம் கிடையாது, அந்த இரண்டு மாதமும் 150 ரூபாய் வரம்பை 300 ஆக்குகிறோம். அதற்காகத்தான் மற்ற பத்து மாதமும் கிலோவுக்கு 2 ரூபாய் சேர்ப்பது. காயும் அப்போது கொஞ்சம் மாறும், மலிவான பூசணி, சுரை, வாழைக்காய் அதிகம் எடுப்போம்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேறு கதை. பணம் இருக்கும், காய் இருக்காது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்த மாவட்டத்து வாழையையும் பலாவையும் முந்திரியையும் ஒரே ராத்திரியில் சாய்த்ததை யாரும் மறக்கவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோதும் தோட்டமெல்லாம் தண்ணீரில் நின்றது. அதனால் ஒரே பக்கத்து விவசாயிகளை மட்டும் நம்புவதில்லை, மேட்டு நிலத்தில் நாலு பேர், ஆற்றோரத்தில் இரண்டு பேர். செப்டம்பரிலேயே சேனை, கருணை, பூசணி வாங்கி வைத்துக்கொள்கிறோம், அவை நாள்பட நிற்கும்.

கவர்ன்மெண்டுல பதிவு பண்ணியாச்சா? பண்ணலைன்னா தப்பு இல்லையா?

இப்போதைக்கு மூன்று மகளிர் சுயஉதவிக் குழுக்களாக இருக்கிறோம், ஒவ்வொன்றிலும் 16 பேர், மூன்று குழுவும் சேர்ந்து வாங்குகிறது. நமக்கு நாமே வாங்கிப் பிரித்துக்கொள்ளும் வரை இது போதும். வெளியாருக்கும் விற்கப் போகிறோம் என்றால் முறையான சங்கமாக வேண்டும். தமிழ்நாடு கூட்டுறவு சங்கங்கள் சட்டம் 1983-ன்படி 25 பேர் சேர்ந்து விண்ணப்பிக்கலாம், தணிக்கையும் தேர்தலும் அதில் கட்டாயம். கூட்டுறவு சங்கம் அமைப்பது, 2012-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 97-வது திருத்தத்துக்குப் பிறகு அடிப்படை உரிமையிலும் சேர்ந்துவிட்டது. உற்பத்தியாளர் கம்பெனி என்று ஒன்றை சிலர் சொல்கிறார்கள், அது பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்து தொடங்குவது, விவசாயிகளுக்குப் பொருந்தும், வாங்குகிற நமக்குப் பொருந்தாது.

பதிவு செய்தால் காகித வேலை கூடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சென்னையில் டியுசிஎஸ் என்கிற திருவல்லிக்கேணிக் கூட்டுறவு சங்கம் 1904-ல் தொடங்கியது, வாங்குகிறவர்கள் சேர்ந்து நடத்தும் கடை நம் ஊருக்குப் புதிது இல்லை. அடுத்த வருஷம் நாங்களும் விண்ணப்பிக்கப் போகிறோம்.

தராசு, ஜிஎஸ்டி, அதெல்லாம்?

பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டி கிடையாது. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை போட வேண்டும், போட்டிருக்கிறோம், சீட்டைத் திண்ணைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

கணக்கு உங்க கையிலதான் இருக்கு. பணம் காணாம போனா?

காணாமல் போனது. ஆறாவது மாதம் 1,180 ரூபாய் குறைந்தது. யாரும் என் முகத்துக்கு நேராக எதுவும் சொல்லவில்லை, ஆனால் குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றது. நாலு நாள் உட்கார்ந்து பார்த்ததில், ஒரு சந்தின் வசூலை நானே இரண்டு வாரத்தில் இரண்டு தடவை வரவு வைத்திருந்தேன். பணம் குறையவே இல்லை, எழுத்தில்தான் கூடியிருந்தது.

அன்றிலிருந்து எட்டு மணிக்குப் பிரிப்பு முடிந்ததும் மூன்று பேர் எண்ணுகிறார்கள், மூன்றாவது ஆள் ஒவ்வொரு தடவையும் மாறுவார். வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் சத்தமாக வாசித்துவிட்டு, கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் திண்ணையை விட்டு இறங்குகிறோம். படிக்கத் தெரியாதவர்கள் நிறைய இருக்கிறார்கள், அதனால்தான் வாசிப்பது.

யாராவது பெரிய ஆள் வந்து, நான் காசு போடறேன்னு சொல்லித் தலைவராகிட்டா?

அதற்காகத்தான் ஒரு வீட்டுக்கு ஒரே பங்கு என்று மேலே சொன்னது. எவ்வளவு பணம் கொண்டுவந்தாலும் ஓட்டு ஒன்றுதான். நன்கொடையாகக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வோம், பேர் போட்ட பேனர் கட்ட மாட்டோம். வண்டி வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார், வண்டியில் அவர் படம் இருக்க வேண்டும் என்றார், வாடகை வண்டியே போதும் என்று முடிவு செய்தோம். அந்த முடிவுக்கு 48 பேரில் 41 பேர் கை தூக்கினார்கள்.

நிறைய பேரைச் சேர்த்தா இன்னும் மலிவாகுமே? ஏன் நிறுத்தி வெச்சிருக்கீங்க?

அறுபதுக்கு மேல் போனால் இரண்டு மணி நேரத்தில் எடை போட முடியாது, இருட்டில் நிற்க வைக்க வேண்டி வரும். இன்னொரு முக்கியமான விஷயம், சந்துப் பொறுப்பாளருக்கு ஒவ்வொரு வீட்டையும் தெரிந்திருக்க வேண்டும், யார் வீட்டில் வேலை இல்லை, யார் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்பதெல்லாம். அடுத்த தெருக்காரர்கள் இருபத்தைந்து பேர் தனியாகத் தொடங்கட்டும், வண்டியை இரண்டு குழுவும் சேர்ந்து எடுத்தால் வாடகை குறையும். வருகிற ஆறு மாதத்துக்கு நான் அவர்கள் கணக்கைப் பார்த்துக் கொடுக்கவும் தயார்.

நாங்க பாண்டிச்சேரி. எங்களுக்கும் இதே மாதிரி நடக்குமா?

வாங்குவது, பிரிப்பது, முன்கூட்டிச் சொல்வது எல்லாம் அப்படியே நடக்கும். சட்டம் மட்டும் வேறு, புதுச்சேரிக்குத் தனிக் கூட்டுறவுச் சட்டம் இருக்கிறது, மேலே சொன்ன 25 பேர் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அங்கே கூட்டுறவுத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பெரிய மார்க்கெட் ஊர் நடுவில் இருந்தாலும் ஓரத்துக் குடியிருப்புகளின் கதை எங்கள் கதைதான். பாகூர்ப் பக்கத்து விவசாயிகளைப் போய்ப் பாருங்கள், கடலூரிலிருந்தும் அது பக்கம்தான்.

காய் வாங்கிடலாம் அக்கா, பிள்ளைங்க சாப்பிடணுமே?

என் பையன் ஐந்து வருஷம் முருங்கைக்காய் தவிர எதையும் தொட்டதில்லை. திண்ணையில் கொத்தவரையைக் கூறு போட உட்கார வைத்தேன், இப்போது கொத்தவரைப் பொரியல் மட்டும் சாப்பிடுகிறான். பிள்ளைகளை எடை போடும்போது கூட்டி வாருங்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. இன்னும் வீட்டுக்கு வாரம் எட்டுக் கிலோவில்தான் நிற்கிறோம், பதினொன்றுக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

சும்மா வந்து பார்க்கலாமா? இல்ல, சேர்ந்தாத்தான் வரணுமா?

சும்மாவே வாருங்கள். புதன் அல்லது சனி, ஆறு மணி. கையில் ஒரு பை கொண்டுவாருங்கள், நாங்கள் கவர் கொடுப்பதில்லை. எட்டு மணிக்குக் கணக்கு வாசிக்கும் வரை இருந்து கேட்டுவிட்டுப் போங்கள், சேர்வதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம்.